மருமகள் தூது போக மறுப்பது குறித்து

மனநல ஆலோசனை வகுப்பு நடத்தும் ஆசிரியை அவர்களுக்கு,

உங்களிடம் இரண்டாம் பருவம் படிக்கும் பெண்ணின் மாமனார், மரியாதையுடனும் கொஞ்சம் கோபத்துடனும் எழுதிக்கொள்வது. நீங்களும் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான், என் மனைவி, மகன், மருமகள் நால்வரும் சுகம். வாஷிங் மெஷின் மட்டும் சுகமில்லை, அது பற்றிக் கீழே வருகிறது.

முதலில் நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்தவன். மனிதர்களின் கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்பது எனக்குப் புதிதல்ல. தண்ணீர் வரவில்லை என்று யார் வந்தாலும், "வீட்டுக்குள்ள வால்வு திறந்திருக்கான்னு பாத்தீங்களா?" என்பதுதான் என் முதல் கேள்வி. பாதிப் பேர் தலையைச் சொறிந்துகொண்டு அப்படியே திரும்பிவிடுவார்கள். மீதிப் பேரிடம், "எழுதிக் கொடுங்க, பார்க்கலாம்" என்பேன். எதுவானாலும் தக்க வழியாக வர வேண்டும் என்பது என் கொள்கை.

எங்கள் வீட்டில் அந்தத் தக்க வழி என் மருமகள்தான். என் மகன் வாரியத்தில் பார்த்துக்கொண்டிருந்த நிரந்தர வேலையை உதறிவிட்டு, இரண்டு தெரு தள்ளி வாஷிங் மெஷின் ரிப்பேர் கடை போட்டான். திறப்பு நாளன்று வந்திருந்த நாலு பேர் முன்னால், "ஆறு மாசத்துல ஷட்டரை இறக்கிட்டு வந்து நிப்பான் பாருங்க" என்று என் வாய் சும்மா இராமல் சொல்லிவிட்டது. எட்டு மாதம் ஆகிறது, அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனாலும் குடும்பம் தடையில்லாமல் நடந்தது. ஒரே மேஜையில் உட்கார்ந்துகொண்டு, "அந்த மகாராஜாவை வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லும்மா" என்பேன். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் மகாராஜா, "நிறுத்தியாச்சுன்னு சொல்லு" என்பார். "நிறுத்தியாச்சாம் மாமா" என்பாள் அந்தப் பெண். ஒரு செய்தி தவறியதில்லை. நான் சூடாகச் சொன்னதையும் ஆறவைத்துத்தான் கொண்டுபோய்ச் சேர்ப்பாள், தங்கமான பெண். உங்கள் வகுப்பில் சேரும்வரை.

சேர்ந்த மூன்றாம் மாதம் தபால் நிலையத்தை மூடிவிட்டாள். மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வழிகிறது, மோட்டாரை நிறுத்தச் சொல் என்றேன். "இதை நீங்களே அவர்கிட்ட சொல்றதா நெனைச்சுப் பாத்தா, உங்களுக்கு என்ன தோணுது மாமா?" என்று கேட்டாள். என்ன தோன்றும்? கோபம்தான் தோன்றுகிறது என்றேன். "கோபமா இருக்கு" என்றாள். அதைத்தானே நானும் சொன்னேன் என்றேன். "ஆமா மாமா, சொன்னீங்க" என்றுவிட்டுச் சும்மா உட்கார்ந்தாள். எனக்குப் பயமே வந்துவிட்டது. புகார்ப் பிரிவில் யாராவது பேசாமல் நின்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவேன், இவளோ இந்த உலகத்தில் வேறு வேலையே இல்லாதவள் மாதிரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். அதற்குள் தண்ணீர் படியிறங்கி வந்து என் செருப்பை மிதக்கவிட்டது. கடைசியில் நானேதான் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினேன்.

இன்னொரு நாள் நேராகவே கேட்டேன். "நான் பண்ணது தப்பா, அவன் பண்ணது தப்பா? ஒரு வார்த்தை சொல்லு, முடிச்சுக்கலாம்." "தீர்ப்பு சொல்றது என் வேலை இல்ல மாமா. அதோட சொந்த வீட்டு ஆளுங்களுக்கு நான் கவுன்சிலிங் பண்ணக் கூடாது, அது விதி. மருமகளா எவ்வளவு நேரம் வேணும்னாலும் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள். சரி, அவன் என்னைப் பற்றி என்னதான் சொல்கிறான், அதையாவது சொல் என்றேன். "அவர் சொன்னதை உங்ககிட்ட சொல்ல மாட்டேன். நீங்க சொல்றதையும் அவர்கிட்ட சொல்ல மாட்டேன்." அம்மா, படிப்புக்கு ஆலோசனை என்று பெயர் வைத்துவிட்டு, ஆலோசனை சொல்லக் கூடாது என்று கற்றுக்கொடுத்தால் நாங்கள் எங்கே போய் முட்டிக்கொள்வது?

இது தொற்றும் என்பதையாவது நீங்கள் முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். மருமகள் சத்தம் போட்டுப் படிப்பதைச் சமையலறையிலிருந்து கேட்டதோடு சரி, என் மனைவிக்கும் வந்துவிட்டது. காபி ஆறிப்போச்சு என்றேன். "காபி ஆறிப்போனது உங்களுக்குக் கஷ்டமா இருக்கு" என்று ரொம்ப அனுதாபமாகச் சொல்லிவிட்டு மறுபடி பேப்பரை விரித்துக்கொண்டாள். கல்யாணமான முப்பத்தாறு வருடத்தில் அவள் இவ்வளவு அன்பாகப் பேசியதும் கிடையாது, ஆறின காபியை நான் அப்படியே குடித்ததும் கிடையாது.

இந்த லட்சணத்தில்தான் மெஷின் நின்றது. விளக்கு எரிகிறது, உறுமுகிறது, உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் வரமாட்டேன் என்கிறது. ஊர் மெஷினையெல்லாம் பழுது பார்ப்பவன் எதிர் அறையில் படுத்திருக்கிறான், அவனிடம் சொல்ல ஆளில்லை. மருமகளிடம் சொன்னால் என்ன தோணுது என்பாள். மனைவியிடம் கேட்டதற்கு, "எனக்கு மெஷினைப் பத்தி என்ன தெரியும்? நீங்களே அவன்கிட்ட சொல்லுங்க" என்றாள். மற்ற மூவரின் துணியும் அவன் கடைக்குப் போய் அங்கே துவைத்து வந்துவிடும், என் துணியை மட்டும் யாரும் தொடவில்லை. மூன்று வாரம் கையால் கசக்கி இடுப்புப் பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் ஃபிரிட்ஜ் மேல் ஒரு தாள் ஒட்டினேன். "வாஷிங் மெஷின் வேலை செய்யவில்லை. இப்படிக்கு, வீட்டு உரிமையாளர்." மறுநாள் அதன் கீழே மகனின் கையெழுத்தில் பதில் வந்திருந்தது. "கடைக்கு நேரில் வந்து பதிவு செய்யவும்."

நேற்று போனேன். எட்டு மாதத்தில் முதல் தடவை. புகாரைச் சுத்தமாக எழுதிக் கையில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் நாலாவது ஆளாக உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் ஒரு அம்மா, மெஷின் துவைக்கும்போது தானாக நகர்ந்து வந்து கதவை இடிக்கிறது என்று போட்ட சத்தத்தில் நான் என் பழைய நாற்காலிக்கே போய்விட்டேன். நானாக இருந்தால் எழுதிக் கொடுங்க என்றிருப்பேன். இவன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, "கதவு வரைக்கும் வந்துடுதா? தனியா இருக்கும்போது பயமாத்தான் இருக்கும்" என்றான். அந்த அம்மா அப்படியே அடங்கிவிட்டார். முப்பத்தொரு வருடத்தில் ஒருவரிடம்கூட நான் அப்படிப் பேசியதில்லை என்று அந்த பெஞ்சில்தான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

என் முறை வந்தது. தாளை நீட்டினேன். அவன் வாங்கவில்லை. "எழுதினது இருக்கட்டும். வாயால சொல்லுங்கப்பா" என்றுவிட்டுச் சும்மா நின்றான். அதே சும்மா, வீட்டிலேயே பழகியிருக்கிறான். தண்ணி வரலை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடா" என்று வந்தது. அன்றைக்கும் நாலு பேர் முன்னால்தான், நேற்றும் நாலு பேர் முன்னால்தான். அவன் திருப்புளியை எடுத்து மறுபடி கீழே வைத்தான். பிறகு, "ஷட்டர் இன்னும் மேலதான்பா இருக்கு" என்றான். "பாத்துக்கிட்டேதான் வந்தேன்" என்றேன். கிரீஸ் அப்பிய கையால் கண்ணைத் துடைத்து முகமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டான். என் கையில் இருந்தது அந்தப் புகார்த் தாள் ஒன்றுதான், அதாலேயே அவன் முகத்தையும் பிறகு என் கண்ணையும் துடைத்தேன்.

இருந்தாலும் புகார் புகார்தான். அரை நிமிஷத்தில் சொல்லிவிடக்கூடிய ஒரு செய்தியை உங்கள் மாணவி கொண்டுபோக மறுத்ததால், பணி ஓய்வு பெற்ற ஒரு மனிதன் முன்பின் தெரியாதவர்கள் எதிரில் அழ வேண்டியதாயிற்று. தபால் சேவையை உடனே தொடங்கும்படி அவளுக்கு உத்தரவிட வேண்டுகிறேன். நீங்களும் உங்கள் மாணவர்களும் நோய்நொடியில்லாமல் இருந்து, ஊரார் சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்டு, என் வீட்டை மட்டும் விட்டுவிடும்படி வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் மகன் வந்து மெஷினுக்குப் பின்னால் கையை விட்டு எதையோ திருகினான். தண்ணீர் கொட்டியது. "வால்வு திறந்திருக்கான்னு பாத்தீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டான். நான் மருமகளை முறைத்தேன். "சத்தியமா நான் இல்ல மாமா. அவங்கவங்களா முடிவெடுக்கற வரைக்கும் காத்திருக்கணும், இந்த மாதிரி வேலையெல்லாம் நாங்க பண்ணவே கூடாது" என்றாள். மூன்று பேரும் என் மனைவி பக்கம் திரும்பினோம். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நான்தான் மூடினேன். நான் என்ன படிச்சா இருக்கேன், எனக்கு விதி இருக்க?" என்றாள். ஆகவே மேற்கண்ட புகாரை முழுவதுமாகத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், மருமகளுக்கு நல்ல மதிப்பெண் போடுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த வருடம் உங்கள் வகுப்பில் சேர என் மனைவி விண்ணப்பம் கேட்டு வருவாள். இடமில்லை என்று சொல்லிவிடுங்கள். இந்த வீட்டுக்கு விதி இல்லாத ஆள் ஒருவர் வேண்டும்.