முள்ளங்குன்றுப் போரின் கடைசி விலை

ஒரு காட்டில், பாதிப் பல் விழுந்துபோன சிங்கம் ஒன்று ராஜாவாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தேர்தல். ‘இதுக்கா மறுபடியும் ஓட்டு?’ என்று எருமைகூட வாய்விட்டுக் கேட்க ஆரம்பித்துவிட்டது. அன்று மாலையே அறிவிப்பு வந்தது: பக்கத்துக் குன்று முள்ளம்பன்றிகள் பயங்கர ஆயுதம் பதுக்கியிருக்கின்றன, வெள்ளிக்கிழமை போர்.

குன்றில் கிழங்கு வியாபாரம் செய்யும் முள்ளம்பன்றி வீராயிக்கு ரத்தம் கொதித்தது. வளைக்குள் அவள் குட்டிகள் மூன்று, பிறந்து நாலே நாள். நேராக அரண்மனைக்குப் போனாள். வாசலில் நரி மந்திரி மறித்தது.

“எதிரி நாடா? மஞ்சள் படிவம், மூணு நகல்.”

“அதை உன் வால்ல சுத்திக்க. எங்கடா உங்க ராஜா?”

உள்ளே சிங்கம் உறுமியது. “ஆயுதம் எங்கே?”

“முதுகுல. பொறந்ததுலேர்ந்து அங்கதான் இருக்கு. போரை விடுங்க, பாதிக் கிழங்கு தரேன்.”

“வேண்டாம்.”

“முழுசும்?”

“வேண்டாம்.”

இருபது வருஷச் சந்தையில் அடிபட்டு வீராயி கற்றது இது: எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம் என்கிறவன், வேறு சாமான் தேடி வந்தவன்.

“நெசமா என்னதான் வேணும்?”

சிங்கம், பின்னாலேயே வந்திருந்த நரியைப் பார்த்தது. நரி கூரையைப் பார்த்தது.

“ஜெயிச்ச மாதிரி ஒரு வீடியோ,” என்றது சிங்கம்.

“அட, இதுக்கா இத்தனை அலப்பறை! எத்தனை நாள் சண்டை?”

“மூணு நாள். ஓட்டுப்பதிவு வரைக்கும் தாங்கணுமே.”

“அரை மணி.”

“ரெண்டு நாள்!”

வீராயி எழுந்து வாசலைப் பார்த்து நடந்தாள்.

“ஏய், நில்லு! ஒரு மணி!”

“சரி. நாங்க ஓடுறோம், நீங்க உறுமுங்க. கிட்டக்க எடுக்க வேணாம், பல்லு போனது தெரியும். தோத்தவங்களுக்கு நிவாரணமா குன்றுல ஒரு குளம் வெட்டிக் கொடுத்துடுங்க.”

“குளமா? என் காட்டுக்கே நான் வெட்டலையே!”

“அப்ப நாங்க ஓடமாட்டோம். சிலிர்த்துக்கிட்டு அங்கயே நிப்போம்.”

வெள்ளிக்கிழமை போர் நடந்தது. படம் பிடித்த குரங்கு பொத்தானை அமுக்க மறந்ததால் இரண்டாம் முறையும் நடந்தது. பத்து மணிக்கு விழுந்த குன்று, பதினொன்றுக்குத் திரும்பக் கிடைத்தது. சிங்கம் அமோகமாக ஜெயித்தது. அடுத்த மாதம் வெட்டி முடித்த குளத்தில் வீராயியின் குட்டிகள் குதித்தன.

மறுநாள் மான்கள் அரண்மனைக்கு ஓடின. “ராஜா, எங்க மேலயும் படையெடுங்க! அதுகளைவிட நல்லா ஓடுவோம்!”

“உள்ளூர்க்காரங்களுக்கு இந்தத் திட்டம் இல்லை,” என்றது நரி.

நீதி: குளம் வேண்டுமென்றால் சொந்த ராஜாவிடம் மனுக் கொடுக்காதே, பக்கத்து ராஜாவிடம், தேர்தலுக்கு முந்தின வெள்ளிக்கிழமையாகப் பார்த்துத் தோற்றுப்போ.