தோசைக்கு எடுத்த இன்சூரன்ஸ்

எங்கள் தெருவில் நாய்க்கு இன்சூரன்ஸ் எடுத்த ஒரே அறிவாளி நான்தான். அப்பாவுக்கு எடுக்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அன்று எங்களிடம் ஒன்றுமே இல்லை. அவர் போன பிறகு மிச்சம் இருந்தது அம்மா, நான், அவர் வளர்த்த நாய். வெள்ளை உடம்பில் பழுப்பு வட்டங்கள் இருந்ததால் அப்பா அதற்குத் தோசை என்று பெயர் வைத்திருந்தார்.

தோசையையும் அப்படி விட்டுவிடக் கூடாது என்று முடிவு கட்டினேன்.

"மன்சனுக்கே இல்ல, நாய்க்கு இன்சூரன்ஸ் கேக்குதா மச்சான்?" என்றான் அம்பத்தூர் எஸ்டேட்டில் என்னோடு வேலை செய்யும் குமார்.

"மன்சனுக்கு இல்லாம போனதாலதான்டா."

நான் எட்டாவதோடு நின்றவன். (ஆங்கிலத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.) ஆனாலும் கம்பெனிக்குப் போன் போட்டுப் போட்டே எல்லாம் தெரிந்துகொண்டேன். நோய் வந்தால் பணம் கிடைக்கக் கொஞ்ச நாள் காத்திருக்க வேண்டும், அடிபட்டால் சீக்கிரம் கிடைக்கும், இதுதான் எங்கள் நாய் என்று காட்ட போட்டோ வேண்டும். அங்கே போன் எடுக்கும் பெண் என் குரலைக் கேட்டதுமே பெருமூச்சு விடும் அளவுக்குப் பழகிவிட்டோம்.

போட்டோ எடுக்கும் அன்று தோசையைக் குளிப்பாட்டி நிறுத்தினேன். அம்மா கண்மை டப்பாவோடு வந்து அதன் இடது கன்னத்தில் பெரிதாக ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தாள்.

"மிச்சம் கீறதாவது நல்லா இருக்கட்டும் நைனா."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கம்பெனிக்காரர்களோ போட்டோவைப் பார்த்து, 'அடையாளம்: இடது கன்னத்தில் கருப்பு மச்சம்' என்று பாலிசியில் ஆங்கிலத்தில் ஏற்றிவிட்டார்கள்.

சில மாதம் கழித்து, அயனம்பாக்கம் ஏரிக்கரை ரோட்டில் பைக் மோதித் தோசைக்குக் கால் உடைந்தது. ஆபரேஷன் செய்தால்தான் நடக்கும் என்றார் டாக்டர். கம்பெனியிலிருந்து விசாரிக்க வந்த சார், போட்டோவையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, இது அந்த நாய் இல்லையே. மச்சம் எங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா உள்ளே ஓடி, டப்பாவை எடுத்து வந்து, "இதோ கீது சார்" என்று அவர் கண்ணெதிரிலேயே பொட்டை வைத்தாள். பித்தலாட்டத்தை இவ்வளவு நேர்மையாக யாரும் செய்து அவர் பார்த்திருக்க மாட்டார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நான் ஓடிப்போய் அவர் பைக்குக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன்.

"மச்சத்த உடு சார். வட்டத்தப் பாரு. ஒவ்வொண்ணா போட்டோல வெச்சிப் பாரு. ஒண்ணு மாறியிருந்தா என் மேலயே வண்டிய ஏத்திகினு போ."

அவருக்கு வேறு வழியில்லை. திரும்பி வந்து, குனிந்து, வட்டம் வட்டமாக ஒத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"சரி, பொட்டு வெச்ச கதைய உங்கம்மா வீடியோல சொல்லட்டும்."

அம்மா புடவையை இழுத்துச் சரிசெய்துகொண்டு போன் முன்னால் நின்றாள். பெயர் கேட்டார், சொன்னாள்.

"இந்த நாய்க்கு நீங்க என்ன வேணும்?"

நாய் யார் பெயரில் இருக்கிறது என்பதற்காகத்தான் கேட்டார். அம்மா யோசிக்கவே இல்லை.

"அம்மா."

சார் சிரித்துவிட்டார். அம்மாவும் சிரித்தாள். அப்பா போன பிறகு அன்றுதான் முதல் தடவை.

பணம் வந்தது, தோசை நன்றாக நடக்கிறது. இப்போதெல்லாம் காலையில் என்னைக் கூப்பிட வரும் குமார் வாசலில் நின்று, "தம்பி சாப்ட்டாரா மச்சான்?" என்றுதான் ஆரம்பிக்கிறான்.

அம்மா உள்ளேயிருந்து பதில் சொல்கிறாள்: "சின்னவன் சாப்ட்டான்பா. பெரியவன்தான் இன்னும் துன்னாம சுத்திகினு கீறான்."