மூக்கு நிமிர்ந்த பிக்கப்

மனித குலம் இரண்டு காலில் நிமிர்ந்து நின்ற பிறகு, உலகத்தில் நிமிர வேண்டியது ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. அது உதவி மேலாளருடைய பிக்கப் வண்டியின் முன்பக்கம்.

உதவி மேலாளர் வாகனக் காப்பீட்டு அலுவலகத்தில் விபத்துக் கோரிக்கைகளைப் பார்ப்பவர். பார்ப்பவர் என்றால் நிராகரிப்பவர். 'குறுக்கே ஆள் நின்றது கண்ணில் படவில்லை' என்று எவனாவது எழுதிக் கொடுத்தால், அவர் பேனா தானாகவே அடியில் எழுதும்: "முன்னால் இருந்தது தெரியவில்லை என்பதை ஏற்க இயலாது." தூக்கத்தில்கூட அதைச் சொல்கிறார் என்று மனைவி சொல்வாள்.

பின்னால் சுமை ஏற்றினால் வண்டி சமமாகட்டும் என்று கம்பெனிக்காரர்கள் முன்பக்கத்தைச் சற்றுத் தாழ்த்தியே செய்திருந்தார்கள். உதவி மேலாளர் காய்கறிப் பைக்கு மேல் எதையும் ஏற்றியதில்லை. ஆகவே வண்டி எந்நேரமும் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவதுபோல நின்றது.

ஞாயிறுதோறும் சூப்பர் மார்க்கெட் வாசலில் கூடும் பிக்கப் உரிமையாளர் மன்றம் இதைக் கவனித்தது. மன்றத் தலைவர் பல் மருத்துவர். வண்டியைச் சுற்றி வந்து, சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"வண்டி தலைகுனிஞ்சு நிக்குதே. வீட்ல ஏதும் பிரச்சினையா?"

"அவளுக்கு முழங்கால்ல ஆபரேஷன். மத்தபடி நல்லா இருக்கோம்."

"முழங்கால் கிடக்கட்டும் சார். முன் சஸ்பென்ஷனைத் தூக்குங்க. பெரிய டயர் போடுங்க. மேலேருந்து பார்த்தா எல்லாம் தெரியும்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மறுநாளே வண்டி மெக்கானிக்கிடம் போயிற்று.

"இவ்வளவு பெரிய டயர் எதுக்கு சார்? எது மேல ஏறப் போறீங்க?"

"ஆபீஸ் வாசல்ல ஒரு வேகத்தடை இருக்கு."

"அட, அப்பக் கண்டிப்பா வேணும்" என்றார் மெக்கானிக். இரண்டு முன் ஸ்பிரிங்குகளின் தலையிலும் ஆளுக்கொரு இரும்பு வில்லையை வைத்து முடுக்கினார். மூக்கு நிமிர்ந்தது. 'திறப்பு விழா'வில் பல் மருத்துவர் பானெட்டின் மேல் கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மனைவி வாசலில் கைத்தடியோடு நின்று பார்த்தாள். கதவு அவள் தோளுக்கு வந்தது. வாரந்தோறும் அவள் பிசியோதெரபிக்குப் போயாக வேண்டும். இப்போது மடங்காத முழங்கால் பிறகு எப்போதுமே மடங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"இதுல நான் எப்படிங்க ஏறுறது?"

"அதையும் யோசிச்சு வெச்சிருக்கேன்" என்று அவர் குளியலறையிலிருந்து பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்தார்.

"பக்கத்துல ஒரு படி வெச்சிருக்கலாமே?"

"படி வெச்சா லுக்கே போயிடும்மா."

ஸ்டூலில் ஒரு கால், அவர் தோளில் ஒரு கை, பல்லுக்குள் ஒரு வசவு என்று அவள் ஏறினாள். உதவி மேலாளர் ரசமட்டத்தை மறுபடி பானெட்டில் வைத்துப் பார்த்தார். குமிழி ஒரு மயிரிழை விலகியிருந்தது.

"நீ கொஞ்சம் பின் சீட்ல உக்காரேன்."

அவள் பார்த்த பார்வையில் குமிழி தன் தவறை உணர்ந்திருக்கும். அவர் ரசமட்டத்தை உள்ளே வைத்தார்.

வழியெல்லாம் அவர் மேலிருந்து வர்ணித்தார். பஸ் கூரையில் காய்ந்த மாலை கிடக்கிறது. மதில்களுக்கு அந்தப்பக்கம் யார் வீட்டுத் துணி உலர்கிறது என்பதுகூடத் தெரிகிறது. "எல்லாமே தெரியுது பாரு."

"எனக்கு உங்க டேஷ்போர்டு தெரியுது" என்றாள் மனைவி.

பிசியோதெரபி வாசலுக்கு நேராக வண்டியை நிறுத்தி, ஸ்டூலைப் போட்டு அவளை இறக்கினார். "உள்ளே போயிட்டிரு. வண்டியை ஓரமா விட்டுட்டு வரேன்." ஏறிக்கொண்டார். இறங்கியதில் அவளுடைய முழங்கால் பட்டி நழுவியிருந்தது. ஸ்டூலைக் கைத்தடியால் தள்ளிக்கொண்டே போய், வாசற்படியோரம் அதன்மேல் உட்கார்ந்து பட்டியைக் கட்டினாள். அது நிமிர்ந்த மூக்குக்கு நேர் கீழே.

உதவி மேலாளர் எதிர்ச்சாரியில் ஒரு பிக்கப்பைக் கண்டார். மூக்கு தாழ்ந்திருந்தது. பாவம், யார் வீட்டு வண்டியோ. இரக்கத்தோடு ஆக்சிலரேட்டரை மிதித்தார்.

காவலாளி ஓடிவந்து கதவைத் தட்டினார். "நிறுத்துங்க, நிறுத்துங்க சார். அம்மா கீழே இருக்காங்க."

டயருக்கடியில் ஏதோ நொறுங்கியது. பெரிய டயர் வாங்கியதன் பயன் அன்றுதான் கிடைத்தது. வேகத்தடையைத் தவிர இன்னொன்றின் மேலும் ஏறிவிட்டது.

நல்லவேளை, ஸ்டூல் மட்டும்தான். பிசியோதெரபிஸ்ட் எவ்வளவோ கெஞ்சியும் மடங்காத முழங்கால் அந்த நொடியில் மடங்கி, எழுந்து, தாவியே விட்டிருந்தது. மன்றத்தின் மருத்துவ சேவையாக இதையும் கணக்கில் சேர்க்கலாம். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பட்டி காலடியில் கிடந்தது.

உதவி மேலாளர் கதவைத் திறந்தார். கால் வைக்க ஸ்டூல் இல்லை. குதித்தார், தடுமாறினார், இரண்டு கையையும் ஊன்றி எழுந்து வந்தார். இப்போது அவள் முகம் அவர் முகத்துக்கு நேராக இருந்தது.

"சத்தியமா சொல்றேம்மா. முன்னாடி நீ இருந்தது தெரியல."

அவள் குனிந்து பட்டியை எடுத்துக்கொண்டாள்.

"ஏற்க இயலாது" என்றாள்.