எந்தக் காது?

"நான் சொல்றத முதல்ல காது கொடுத்துக் கேளும்மா!" என்று மனைவியிடம் போனில் கத்திவிட்டுத் திரும்பிய ஆலோசகருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அறைக் கதவு பாதி திறந்திருந்தது. வாசலில் பஸ் டிரைவரும் அவர் மனைவி தையற்காரம்மாவும் நின்றிருந்தார்கள்.

'அவர் என் பேச்சைக் கேட்பதே இல்லை' என்று தையற்காரம்மா தொடுத்த வழக்குக்காக ஐந்து வாரமாக வருகிற தம்பதி. கேட்பது எப்படி என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர் ஆலோசகர்.

"எலக்ட்ரீஷியன்" என்றார் ஆலோசகர், அவர்கள் எதுவும் கேட்காமலே. "ஒயரிங் சரியில்ல. அதான் கொஞ்சம் சத்தம் போட்டுட்டேன்."

"எலக்ட்ரீஷியனையா சார், 'கேளும்மா'ன்னீங்க?" என்றார் டிரைவர், வெள்ளந்தியாக.

ஆலோசகரின் காது மடல் சிவந்தது. "அதாவது... அது ஒரு பயிற்சி. எப்படிப் பேசக் கூடாதுன்னு உங்களுக்குக் காட்டறதுக்காக."

"தத்ரூபமா இருந்துச்சு சார்" என்றாள் தையற்காரம்மா. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். முன்னேற்றம் இல்லை என்று ஆலோசகர் மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

போன் மறுபடி அடித்தது. வெட்டிவிடும் பதற்றத்தில் அவர் ஸ்பீக்கரைத் தட்டித் தொலைத்தார்.

"வைக்காதீங்க!" மனைவியின் குரல் அறையை நிறைத்தது. "வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷன். எதுலன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

அவருக்கு வியர்த்தது. போன வாரம் போனில் கத்திச் சொன்னாள்; காலையில் காபி ஆற்றிக்கொண்டேயும் ஏதோ சொன்னாள். "க..." என்று இழுத்தார். "கண்..."

தையற்காரம்மா அவசரமாகத் தன் காதைத் தொட்டுக் காட்டினாள்.

"காதுல!"

"எந்தக் காது?"

டிரைவர் இடது பக்கம் திரும்பப் போகிறவர் போல இடக் கையை நீட்டினார்.

"இடது காது."

"பரவாயில்லையே... நான்தான் உங்களத் தப்பா நெனச்சுட்டேன்" என்றாள் மனைவி.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இந்தக் கனிவுதான் நெஞ்சை அறுத்தது.

"இல்லம்மா. எனக்கு ஞாபகமில்ல. இங்க வந்தவங்க ஜாடை காட்டினாங்க, நான் சொன்னேன். மன்னிச்சுடு."

பெருமூச்சு ஒன்று கேட்டது. "உண்மையையாவது சொன்னீங்களே. சாயங்காலம் சீக்கிரம் வாங்க, பேசலாம்." இணைப்பு அறுந்தது.

நிமிர்ந்து பார்க்க அவருக்கு முகம் இல்லை. மேசையைப் பார்த்தே பேசினார். "நீங்க வேற ஆலோசகரைப் பாருங்க. சொந்தப் பெண்டாட்டிக்கு எந்தக் காதுன்னு தெரியாதவன் உங்களுக்கு என்னத்தச் சொல்லிக்கொடுக்கறது? வெக்கமா இருக்கு."

டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தையற்காரம்மா அவர் சட்டை முனையை இழுத்தாள். இருவரும் கும்பிட்டுவிட்டு வெளியேறினார்கள்.

வெகுநேரம் கழித்து அவர் வரவேற்பறைக்கு வந்தார். மேசையில் இருந்த பெண்ணிடம், "அவங்களோட அடுத்த வாரத்த ரத்து பண்ணிடும்மா. இனிமே வர மாட்டாங்க" என்றார்.

"வருவாங்க சார்" என்றாள் அவள். "அவங்க சண்டை ரெண்டாவது வாரமே தீர்ந்துபோச்சாம், வாராவாரம் இங்க உட்கார்ந்து நீங்களும் அம்மாவும் போன்ல கத்திக்கறதக் கேட்டுட்டு, உங்கள இப்படியே விட்டுட்டுப் போக மனசு வராமத்தான் வந்துட்டிருக்காங்களாம்!"