தட்டோடு வந்த மாப்பிள்ளை

"என் சின்னம்மாவை நேர்ல பாருங்க. அவங்க முகத்துக்கு நேரா கேளுங்க. அப்புறம் அவங்க ஓவியத்தைத் தட்டுல அச்சடிக்கறதைப் பத்திப் பேசலாம்" என்றாள் டெல்வீன்.

சொல்லி முடித்த பிறகுதான் சின்னம்மா ஹெட்டி சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. "தட்டு கோணல்னு சொல்லு, கலர் கேவலம்னு சொல்லு, என்ன வேணா சொல்லு. அந்த ஆளை என் முன்னாடி கொண்டாந்து நிறுத்தணும்னு மட்டும் கேட்டுடாதே."

இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டாலே டெல்வீனுக்குப் பற்றிக்கொண்டு வரும். வெள்ளைக்காரன் எதிரில் வந்தால் தரையைப் பார்ப்பது, அவன் எதைக் கேட்டாலும் சரி சரி என்பது, அவன் வண்டி கிளம்பிப் புழுதி அடங்கிய பிறகு உட்கார்ந்து திட்டுவது. ஆஸ்திரேலியப் பாலைவனத்து நடுவில் இருக்கும் எங்கள் பூர்வகுடி ஊரே இப்படித்தான். அந்த ஊரிலிருந்து அடிலெய்டுக்குப் போய்ப் படித்துப் பட்டம் வாங்கிய முதல் ஆள் டெல்வீன். திரும்பி வந்து ஊர் ஓவியக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்ததே இந்தச் சரி சரியை ஒழிப்பதற்காகத்தான்.

எதிரில் இருந்த ரூபர்ட், பீங்கான் கம்பெனியின் ஆள், கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதைத்தானே நான் வந்த நாள்லேர்ந்து கேக்கறேன்! ஒரு தடவை வந்தா வேட்டைக்குப் போயிருக்காங்க. இன்னொரு தடவை வந்தா சாவு வீடு. போன தடவை பல்வலி. ஓவியர் தன் வாயால, கேமரா முன்னாடி சம்மதம் சொல்லாம சூளையைப் பத்தவைக்கக் கூடாது. அது எங்க கம்பெனி விதி."

நல்ல விதி என்று டெல்வீன் நினைத்தாள். அதே கேமரா முன்னால் சின்னம்மா 'முடியாது' என்று சொல்லட்டும். எவனும் அழிக்க முடியாது.

மாதிரித் தட்டுகள் மேஜைமேல் பளபளத்தன. ஹெட்டியின் ஓவியத்தில் பெண்கள் மணல்மேடுகளைத் தாண்டி நடந்து நடந்து கடைசியில் ஓர் ஊற்றுக்கு வந்து சேர்வார்கள். எங்கள் நிலத்தில் அந்த ஊற்று இருக்கிறது, அந்த வழியும் இருக்கிறது. கம்பெனி அதைக் கேக் மாதிரி வெட்டியிருந்தது. காலடித் தடங்கள் கோப்பையைச் சுற்றி. மணல்மேடு கிண்ணத்தில். ஊற்று மட்டும் பெரிய தட்டின் நடுவில். சிவப்பு மண்ணையும் விடவில்லை. யார் வீட்டுத் திரைச்சீலைக்கோ பொருத்தமாக அதை இளம் ஊதா ஆக்கியிருந்தார்கள்.

"கோப்பை மட்டும் தனியா வாங்கலாமா?" என்று கேட்டாள் டெல்வீன்.

"தாராளமா! ஆறு கோப்பை, அழகான பெட்டியில."

"அப்ப அந்தப் பொம்பளைங்க தண்ணிக்கு எப்பப் போய்ச் சேருவாங்க?"

ரூபர்ட் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். தடங்கள் கைப்பிடியில் தொடங்கிக் கைப்பிடியிலேயே முடிந்தன.

ஹெட்டியின் மகள் லோர்னா இன்னொரு கோப்பையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "இது எதுல செஞ்சது?"

"எலும்புச் சாம்பல் கலந்த பீங்கான். ரொம்ப உயர்ந்த ரகம்."

"யார் எலும்பு?"

"மாட்டு எலும்பு."

"யார் வீட்டு மாடு?"

லோர்னா கோப்பையைப் பக்குவமாகக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

டெல்வீன் சின்னம்மா வீட்டுக்கு நடந்தாள். ஹெட்டி மர நிழலில் நாய்கள் சூழ உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் தூரிகையை வைத்தாள். ஓவியக்கூடம் கண்ணில் படாதபடி திரும்பி உட்கார்ந்தாள்.

"கேக்காதேன்னு சொன்னேன்ல."

"எதுக்கு சின்னம்மா பயப்படறே? அவன் என்ன பேயா?"

"பயமா? அவன் ஜங்களா முறைடி."

டெல்வீன் அப்படியே நின்றாள். எங்களில் ஒவ்வொருவருக்கும் பிறக்கும்போதே தோல்பெயர் வந்துவிடும். அதோடு முறையும் வந்துவிடும். வெளியாள் யாராவது அடிக்கடி வந்துபோனால் அவனுக்கும் ஒன்று கொடுத்துவிடுவோம். முறை தெரியாத ஆளிடம் எப்படிப் பேசுவது? ஹெட்டி நகமரா. நகமராவுக்கு ஜங்களா மருமகன். மாமியாரும் மருமகனும் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, ஒரு கூரைக்கடியில் உட்காரக் கூடாது. அதற்குமேல் ஒரு மரியாதை எங்களிடம் இல்லை.

"யார் அவனுக்கு அந்தப் பேரை வச்சது?"

"உங்க சித்தப்பாதான். நீ அடிலெய்டுல இருந்தப்ப."

ஹெட்டியின் புருஷன் வெஸ்லி சித்தப்பா கொஞ்சம் தள்ளி, சாம்பலிலிருந்து எடுத்த கங்காரு வாலைக் கடித்துக்கொண்டு ரேடியோவில் கால்பந்து கேட்டுக்கொண்டிருந்தார். கையை மட்டும் தூக்கிக் காட்டினார்.

பின்னாலேயே வந்த லோர்னாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அம்மாவுக்கு மருமகன்னா, அம்மா பெத்ததும் அம்மாவோட அக்கா பெத்ததும் அவனுக்கு என்ன முறை? கணக்குப் போடுடி படிச்சவளே! உனக்கும் எனக்கும் ஒரே புருஷன்."

"வாயை மூடுக்கா."

"நான் மூத்தவ, வண்டியில முன்சீட்டு எனக்கு. நீ பின்னாடி நாயோட உக்காரு."

டெல்வீன் பல்லைக் கடித்தாள். முறை என்றால் முறைதான், அதை அவள் மீற மாட்டாள். ஆனால் முறைக்குள்ளேயே வழி இல்லாமலா போகும்?

ஓவியக்கூடத் தாழ்வாரத்தில் கயிறு கட்டிக் கித்தானைத் தொங்கவிட்டாள். அந்தப் பக்கம் ரூபர்ட், இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு ஹெட்டி. நடுவில் பேச்சைச் சுமக்க டெல்வீன். விவரம் தெரிந்ததும் ரூபர்ட்டுக்குப் பக்தியே வந்துவிட்டது. "என்ன ஒரு பண்பாடு!" என்று தொப்பியைக் கழற்றினான்.

"சம்மதமான்னு கேக்கறார்" என்றாள் டெல்வீன், கித்தானுக்கு இந்தப் பக்கம்.

"தலை வலிக்குதுன்னு சொல்லு" என்று முணுமுணுத்தாள் ஹெட்டி.

"தலை வலிக்குதாம்" என்றாள் டெல்வீன், அந்தப் பக்கம்.

"அது சம்மதமா, சம்மதம் இல்லையா?"

"சின்னம்மா, ஒரு வார்த்தை. முடியாதுன்னு சொல்லேன்."

"இடுப்பும் வலிக்குது."

அந்த நேரத்தில்தான் வெஸ்லி வாலின் மிச்சத்தோடு தாழ்வாரத்துக்கு வந்தார். அவருக்குப் பின்னால் ஊர் நாய்கள் வந்தன. நாய்களுக்கு மாமியார், மருமகன் எல்லாம் கிடையாது. கித்தானுக்குள் புகுந்து புறப்பட்டன. கயிறு அறுந்தது. கித்தான் விழ விழ ஹெட்டி அதையே இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு ஒரு மூட்டையாகிவிட்டாள். ரூபர்ட், புதிதாகக் கற்ற மரியாதையில், கண்ணை இறுக்க மூடித் திரும்பி நான்கடி வைத்தான். ஐந்தாவது அடி தட்டுப் பெட்டிக்குள் விழுந்தது.

"எலும்பு முறிஞ்சது" என்றாள் லோர்னா.

மூட்டைக்குள் ஹெட்டியின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்தாள் டெல்வீன். அதே வேகத்தில் வெஸ்லியிடம் போனாள்.

"சித்தப்பா, இவர் பேரை மாத்துங்க. இப்பவே."

"தோல் என்ன சட்டையா, கழட்டி மாட்ட?"

"நீங்க வச்ச பேர்தானே!"

"வச்சது வச்சதுதான்."

"நானும் கேக்கணும்னே இருந்தேன்பா" என்று லோர்னா நடுவில் புகுந்தாள். "வர்ற வெள்ளைக்காரனுக்கெல்லாம் உன் தம்பி முறைதானே வப்பே? வாத்தியார் எனக்குச் சித்தப்பா, நர்ஸ் புருஷன் சித்தப்பா, தண்ணிக் குழாய் சரிபண்ண வந்தவன் சித்தப்பா. இந்த ஆளுக்கு மட்டும் எதுக்கு ஜங்களா?"

வெஸ்லி எலும்பை உறிஞ்சினார். "அன்னிக்கு அப்படித் தோணுச்சு."

ரூபர்ட் சட்டைப்பையிலிருந்து விசிட்டிங் கார்டை எடுத்துக் காட்டினான். அதில் 'ரூபர்ட் ஜங்களா' என்று இருந்தது. "என் மனைவிகூட இப்ப அப்படித்தான் கூப்பிடறா. தயவுசெஞ்சு எடுத்துடாதீங்க."

"பாருடி, நமக்கு மேல ஒரு மூத்தவ இருக்கா" என்றாள் லோர்னா.

டெல்வீனுக்கு வந்த கோபத்தில் மிச்சத் தட்டுகளையும் உடைத்திருப்பாள். கடைசியில் வழி சொன்னது ரூபர்ட்தான். அவன் நல்லவன். அவனோடு வந்த தொல்லையே அதுதான்.

"நான் இதுலேர்ந்து விலகிக்கறேன். ஒரு மாமியாரை இப்படிச் சங்கடப்படுத்தறது தப்பு. என்னோட வேலை பாக்கற ஹமிஷ், ஆலிஸ் டவுன்ல ஓட்டல்ல இருக்கான். நாளைக் காலை விமானத்துல வருவான். இந்த ஊர் மண்ணை மிதிச்சதே இல்ல. அவனுக்கு எந்தப் பேரும் இல்ல. உங்க சின்னம்மா தாராளமா எதிர்ல உக்காந்து பேசலாம்."

டெல்வீன் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள். முதல் தடவையாக ஒரு பிரச்சினை முழுதாகத் தீர்ந்தது.

மறுநாள் காலை ஹெட்டி வீட்டுக்குள் அடுப்பில் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தபோது டெல்வீன் வந்து சொன்னாள். வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது.

"சின்னம்மா, பழைய ஆள் போயிட்டான். புது ஆள் வர்றான், பேரே இல்லாதவன். மருமகனும் இல்ல, ஒண்ணும் இல்ல. நிமிர்ந்து உக்காரு, கண்ணைப் பாரு, முடியாதுன்னு சொல்லு. நான் பக்கத்துல இருக்கேன்."

ஹெட்டி சந்தோஷப்படவில்லை. கையிலிருந்த தகரக் குவளை சாய்ந்து தேநீர் தரையில் ஓடியது.

"நான் சரின்னு சொல்லிடுவேனேடி" என்றாள்.

"எதுக்குச் சொல்லணும்?"

"முடியாதுன்னா ஏன்னு கேப்பான். காரணம் சொன்னா வேற கலர்ல கொண்டு வருவான். அதுக்கும் முடியாதுன்னா சிரிச்சுக்கிட்டே உக்காந்திருப்பான், பொழுது சாயுற வரைக்கும். சரின்னு சொன்னாத்தான் எழுந்து போவான். உங்கம்மா அப்படித்தான் சொன்னா, நானும் சொல்லியிருக்கேன். உன்னை அடிலெய்டுக்கு அனுப்பறீங்களான்னு ஒருத்தன் வந்து உக்காந்தான் பாரு, அப்பவும் உங்கம்மா சரின்னுதான் சொன்னா. நீ போன பிறகு எத்தனை நாள் அழுதா தெரியுமா?"

டெல்வீனுக்கு இது தெரியாது. வெளியே தூரத்தில் கொசு மாதிரி ஒரு சத்தம் தொடங்கி, மெல்ல விமானமாக வளர்ந்தது.

"அந்தக் கோப்பையைப் பாத்தேன்" என்றாள் ஹெட்டி. "நேத்துக் கித்தானைப் போர்த்திக்கிட்டிருந்தப்ப, ஓட்டை வழியா. அந்தப் பொம்பளைங்க சுத்திச் சுத்தி நடக்கறாங்க. தண்ணியே இல்ல. நான் அவங்களைத் தாகத்துல சாக விடவா?"

"அப்ப இத்தனை நாளா எப்படித் தடுத்தே?"

ஹெட்டி தரையைப் பார்த்தாள். அவள் தோள்கள் நேற்றுக் கித்தானுக்குள் குலுங்கிய மாதிரியே குலுங்கின. இப்போது முகம் தெரிந்தது. அது அழுகை இல்லை.

மூலையில் படுத்திருந்த வெஸ்லி ரேடியோவை அணைத்தார்.

"ஏண்டி படிச்சவளே, அவனுக்கு ஜங்களான்னு பேர் வைக்கச் சொன்னதே உன் சின்னம்மாதான்."

விமானம் கூரைக்கு மேல் ஒரு வட்டம் அடித்தது. டெல்வீன் ஆணியில் தொங்கிய டொயோட்டா சாவியை எடுத்தாள். ஜன்னல் கண்ணாடியில் பார்த்துத் தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டாள்.

"எங்கடி கிளம்பிட்டே?" என்றாள் வாசற்படியில் உட்கார்ந்திருந்த லோர்னா.

வாசலைத் தாண்டிக்கொண்டே டெல்வீன் சொன்னாள்:

"மாப்பிள்ளை அழைக்க."