மாமனாருக்கு இரண்டு டம்ளர் சத்துமாவுக் கஞ்சி

திடீரென்று திருந்துகிறவனிடம் குடும்பத்தார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நான் திருந்தியது ஒரு வியாழக்கிழமை காலை. எங்கள் ஆனையூர் வீட்டுக் குப்பைக்கூடையை நாய் உருட்டிவிட்டுப் போயிருந்தது. வாசல் முழுக்க நூடுல்ஸ் கவர், சிப்ஸ் கவர், பாக்கெட் பரோட்டா கவர். (மதுரையில் குடியிருந்துகொண்டு பாக்கெட் பரோட்டா! யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.) தேடிப் பார்த்தும் ஒரு வெங்காயத் தோல் இல்லை. அள்ளிப் போட்டுக்கொண்டே, இனி இந்த வீட்டுக்குள் பாக்கெட் நுழையாது என்று முடிவு செய்துவிட்டேன்.

அன்று மாலையே மனைவி செல்வியிடமும், எட்டாவது படிக்கும் மகள் யாழினியிடமும் அறிவித்தேன். "மொதல்ல அந்த டப்பா சத்துப் பவுடர நிப்பாட்டுறோம். நானே சத்துமாவு செய்யப் போறேன்!"

செல்வி சிரிக்கவில்லை. அதுதான் கொஞ்சம் பயமாக இருந்தது. யாழினி உடனே பேரத்துக்கு வந்துவிட்டாள்.

"சரிப்பா. ஞாயித்துக்கெழம தாத்தா வந்து குடிச்சுப் பாக்கட்டும். நல்லா இருக்குன்னு சொல்லிட்டா நூடுல்ஸ், சிப்ஸ் எல்லாத்தையும் விட்டுர்றேன். இல்லைன்னா, சாப்பாட்டப் பத்தி நீங்க இந்த வீட்ல வாயே தெறக்கக் கூடாது."

தாத்தா என்றது திருநகரில் இருக்கும் என் மாமனாரை. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பொய் சொல்லத் தெரியாதவர் என்று சொந்தத்தில் பெயர். சம்மதித்தேன்.

அடுத்த இரண்டு நாள் நான் தரையில் நடக்கவில்லை. கேழ்வரகு, கம்பு, சோளம், பச்சைப்பயறு, நிலக்கடலை, முந்திரி, ஏலக்காய் எல்லாம் சேர்த்து நான்கு கிலோ! கழுவினேன், மொட்டைமாடியில் காயப்போட்டேன், கை வலிக்க வறுத்தேன். தல்லாகுளத்தில் என் ஆபீசுக்கு வந்த ஒருவரிடம் முளைகட்டுவது எப்படி என்று அரை மணி நேரம் விளக்கினேன். (அவர் பென்ஷன் ஃபைல் என்னாச்சு என்று கேட்க வந்தவர்.)

ஞாயிற்றுக்கிழமை காலை மாவு மில்லுக்குப் போனால், மாவு மெஷினுக்கு முன்னால் ஒன்பது தூக்குவாளிகள் வரிசையில் நின்றன. மாமனாரோ பஸ் ஏறிவிட்டேன் என்று போன் செய்துவிட்டார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூலையில் இன்னொரு மெஷின் சும்மா நிற்பது கண்ணில் பட்டது.

"அண்ணே, அதுல போட்டு விடுங்களேன்."

"அது மொளகா மெஷின் சார். இப்பத்தான் ஒரு கல்யாண வீட்டுக்கு இருபது கிலோ ஓட்டுனேன்."

"தொடச்சுட்டுப் போடுங்கண்ணே."

"தொடச்சாப் போற காரமா அது?" என்றவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கிருங்க சார்."

அந்த ஒரு வார்த்தை என் தன்மானத்தில் போய்த் தைத்தது. "எங்க வீட்ல எல்லாம் நான்தாண்ணே. போடுங்க!" என்றேன். (இதைச் சொன்ன வாயை இப்போது நினைத்தாலும் இரண்டு போடத் தோன்றுகிறது.)

மெஷின் ஓடியது. வரிசையில் நின்ற எல்லோரும் தும்மினார்கள். நானும் தும்மினேன், ஆனால் சந்தோஷமாகத் தும்மினேன். மாவு லேசான செந்நிறத்தில் சுடச்சுட விழுந்தது. கேழ்வரகின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சினேன். மூக்கு அடைத்திருந்ததால் வாசனை தெரியவில்லை. முதல் வாய் நடுவருக்கே என்று நானே சட்டம் போட்டிருந்ததால் ருசியும் பார்க்கவில்லை. மாமனார் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார். அப்படியே நின்றுவிட்டார். பிறகு, ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிறவர் மாதிரி ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு மீதியை மடமடவென்று குடித்து முடித்தார்.

"எப்படி இருக்கு மாமா?"

"நல்லா… இருக்கு மாப்ள."

அவர் கண்களில் நீர் தளும்பியது. மாப்பிள்ளை தன் கையால் காய்ச்சிக் கொடுத்த நெகிழ்ச்சி என்று எனக்கும் கண் கலங்கிவிட்டது. அந்த நெகிழ்ச்சியிலேயே இரண்டாவது டம்ளரை நிரப்பினேன்.

"நீங்க சொன்னாச் சரி மாப்ள," என்று அதையும் குடித்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. "செல்வி, தண்ணி குடும்மா. சொம்போட குடு."

யாழினி மனம் உடைந்துபோனாள். "தாத்தாவே ரெண்டு டம்ளர் குடிச்சிட்டாரா?" என்று தோல்வியை ஒப்புக்கொண்டு, தன் டம்ளரை எடுத்து ஒரு பெரிய வாய் விழுங்கினாள். அடுத்து வந்த அலறலுக்கு எதிர்வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

செல்வி விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "என்னங்க, எந்த மெஷின்ல அரைச்சீங்க?"

"ஏன் தாத்தா பொய் சொன்னீங்க?" என்று யாழினி அழுதாள்.

"மாப்ள ஊத்திக் குடுத்தத எப்படித்தா வேணாங்கிறது?" என்றார் மாமனார், சொம்பைக் கீழே வைக்காமலே. அந்த மனிதரை நான் இரண்டாவது டம்ளர் வேறு குடிக்கவைத்திருந்தேன்.

தீர்ப்பு தெளிவாகிவிட்டது. மத்தியானம் யாழினி என் கண் முன்னாலேயே நூடுல்ஸ் செய்து சாப்பிட்டாள். ஒப்பந்தப்படி நான் வாய் திறக்கவில்லை. ஆனால் முந்திரி போட்ட நான்கு கிலோ மாவைக் கொட்ட செல்விக்கு மனம் வரவில்லை. சாயங்காலம் அதில் முருங்கைக்கீரையும் சின்ன வெங்காயமும் போட்டுப் பிசைந்து, நல்லெண்ணெய் ஊற்றி அடை தட்டினாள். அடேயப்பா! யாழினி நாலு அடை தின்றுவிட்டு, ஐந்தாவதற்கு என்னோடு சண்டைக்கு வந்தாள். மறுநாளும் அதையே கேட்டாள். மாவு தீர்வதற்குள் சிப்ஸ் வாங்குவது தானாகவே நின்றுபோயிற்று. நூடுல்ஸ் மாதத்துக்கு ஒரு தடவை என்று ஆனது. இப்போதும் மில்லுக்குப் போகிறேன், செல்வி எழுதிக் கொடுக்கிற மெஷினில் மட்டும் அரைக்கிறேன்.

மாமனார் அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சாப்பிட்டுவிட்டே வருகிறார். அவருடைய தீர்ப்பு மட்டும் எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. உப்புக் கூடிய சாம்பாரோ, சுருதி சேராத பாட்டோ, எது சகிக்கவில்லை என்றாலும் நாங்கள் சொல்வது அதைத்தான். போன வாரம் ஒரு கட்டம் போட்ட புதுச் சட்டையை மாட்டிக்கொண்டு யாழினி முன்னால் போய் நின்றேன். தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு மாப்ள," என்றாள்.

உள்ளே போய்க் கழற்றிவிட்டு வந்தேன்.