உங்கள் கேமரா, என் தொலைநோக்கி, யாரோ ஒருவரின் நட்சத்திரம்

மதிப்பும் அன்பும் மிக்க மைத்துனர் பஹாதோர் அவர்களுக்கு,

யஸ்த் நகரிலிருந்து உங்கள் அக்கா கணவன் சியாமக் எழுதுவது. உங்கள் நிழல் எங்கள் தலைமேல் குறையாதிருக்கட்டும். இங்கே எல்லோரும் நலம், என்னைத் தவிர.

விஷயம் உங்களுக்கும் தெரியும், ஆனாலும் எழுதாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். பதினான்கு ஆண்டுகளாக என் மாடித் தொலைநோக்கியில் உங்கள் கேமராவை மாட்டி, அதே இருநூறு விண்மீன் மண்டலங்களைப் படம்பிடித்து, பழைய படத்தோடு ஒப்பிட்டு, புதிதாக ஒரு புள்ளிகூடக் கிடைக்காமல் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்கள் நாம். சென்ற சனிக்கிழமை காலை, தேநீர் ஆறிக்கொண்டிருக்க, ஒரு மண்டலத்தின் ஓரத்தில் போன மாதம் இல்லாத புள்ளி ஒன்று இருந்தது. திரையில் தூசி என்று மூன்று முறை துடைத்தேன், போகவில்லை. கெர்மானில் இருக்கும் உங்களுக்குப் படத்தை அனுப்பினேன். சரிபார்த்துவிட்டு, “அத்தான், சூப்பர்நோவாவேதான்! ஒரு நட்சத்திரம் வெடிச்சுச் செத்திருக்கு!” என்று தொலைபேசியில் அழுதீர்கள். நானும் அழுதேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். “உங்க பேர்லயே அறிவிச்சிடுங்க அத்தான், தொலைநோக்கி உங்களது” என்றீர்கள். “கேமரா உங்களது மச்சான், உங்க பேருதான் முன்னால வரணும்” என்றேன். “உங்க முன்னால நான் தூசி.” “நான் உங்க காலடித் தூசி.” ஞாயிறு போயிற்று, திங்களும் போயிற்று. உங்கள் அக்கா மஹ்லகா சமையலறையிலிருந்து, “கல்யாண வீட்டு வாசல்லயே நின்னு ‘நீங்க முதல்ல, நீங்க முதல்ல’ன்னு சோத்தை ஆறவிடுற ஆளுங்கதானே நீங்க ரெண்டு பேரும்! நட்சத்திரத்தையும் ஆறவிடுங்க!” என்று கத்தினாள். செவ்வாய்க்கிழமை ஒசாகாவில் ஒரு பல் மருத்துவர் அதே புள்ளியைப் பார்த்தார், பத்தே நிமிடத்தில், கண்டுபிடிப்புகளைப் பதிவு செய்யும் வானியல் அலுவலகத்துக்குத் தன் பெயரை எழுதி அனுப்பிவிட்டார். மரியாதை தெரியாத மனிதர். ஆறு கோடி ஆண்டு பயணம் செய்து வந்த ஒளி, நம் பணிவினால் அவர் பெயருக்குப் போய்விட்டது. எனக்கு வயது அறுபத்தெட்டு. இன்னொரு பதினான்கு ஆண்டு என்னிடம் இல்லை மச்சான். வாயில் எதைப் போட்டாலும் கசக்கிறது. உங்கள் பணிவுதான் என்னைக் கெடுத்தது என்று சொல்லமாட்டேன், நினைத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

அக்காவின் ஆசிகள். குழந்தைகளின் கண்களுக்கு என் முத்தம்.

உங்களுக்காக உயிரையும் கொடுக்கும்,
சியாமக்

பி.கு.: உறையை ஒட்டும் முன் ஓர் உண்மை. சனிக்கிழமையே, உங்களோடு பேசி முடித்த கையோடு, என் ஒருவன் பெயரில் அந்த அலுவலகத்துக்கு அறிவிப்பை அனுப்பிவிட்டேன். பதில் வரட்டும் என்றுதான் மூன்று நாளும் உங்களிடம் பணிவு காட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பதில் சனிக்கிழமை மாலையே வந்து மின்னஞ்சலில் ஸ்பேமுக்குள் கிடந்ததை இப்போதுதான் பார்த்தேன். “தான் ஒருவரே கண்டதாகச் சொல்லி, கெர்மானிலிருந்து ஒருவர் இதே படத்தை உங்களைவிட நான்கு நிமிடம் முன்பே எங்களுக்கு அனுப்பியிருக்கிறார். கண்டது யார் என்று உங்களுக்குள் பேசி முடித்து எழுதுங்கள். அதுவரை இரண்டையும் நிறுத்திவைக்கிறோம்” என்று எழுதியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு வாருங்கள். வாசலில் ‘நீங்க முதல்ல’ என்று இனி நான் சொல்லமாட்டேன். நீங்கள்தான் நான்கு நிமிடம் முன்னாலேயே போய்விட்டீர்களே.